நிவாரணப் பட்டியலில் பெண்ணின் பெயர்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். அன்று காலை எழுந்த ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கவர்ந்து சென்றது. அலை வடிந்த பின்னர் கரையோரத் தாய்மார்கள் பட்ட துயரமோ பல ஆண்டுகள் நீடித்தது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை.

மாண்டவரிலும் பெண்களே மிகுதி. கடலூர் மாவட்டக் கிராமங்கள் சிலவற்றில் ஆக்ஸ்ஃபாம் நிறுவனம் எடுத்த கணக்கின்படி, இறந்த பெண்கள் 391 பேர்; ஆண்கள் 146 பேர். ஆண்கள் பலர் ஆழ்கடலில் இருந்தனர். அங்கே அலை உயர்ந்தெழவில்லை. வலையில் வரும் மீனை வாங்கி விற்கப் பெண்கள் கரையிலே காத்திருந்தனர். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓட இயலாமல் மடிந்த அன்னையரும் உண்டு.

எர்ணாவூர் தந்த பாடம்

வடசென்னையில் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் பல, எர்ணாவூரில் அமைக்கப்பட்ட தற்காலிகக் குடியிருப்பில் தங்கவைக்கப்பட்டன. தொழில் செய்த துறை தூரமாயிற்று, வருவாய் குன்றியது, கடன் பெருகியது. 2007ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கிருந்து வந்த செய்தி நாட்டையே திடுக்கிடச் செய்தது. கடன் தீர்க்க வேறு வழியின்றிப் பெண்கள் பலர் தம் சிறுநீரகத்தை விற்றிருந்தனர்! தரகர்கள் பேசிய தொகைகூட முழுமையாகக் கைக்கு வரவில்லை என்று அவர்கள் முறையிட்டனர். உறுப்பு விற்பனையைத் தடைசெய்யும் சட்டம் 1994இலேயே இயற்றப்பட்டிருந்தது.

விற்றவர் ஏன் பெண்களாக இருந்தனர்? ஆழிப்பேரலைக்கு முன்னரே, 2001இல், சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று இதற்கு விடை தருகிறது. அவர்களில் 71 விழுக்காட்டினர் பெண்கள். கணவர் உழைக்க வேண்டியவர், அல்லது நோயாளி என்பதே பலர் கூறிய காரணம். விற்றவர்களில் 96 விழுக்காட்டினர் கடனுக்காகவே விற்றனர். ஆயினும் நால்வரில் மூவருக்குக் கடன் தீரவில்லை. குடும்ப வருவாயோ மூன்றிலொரு பங்கு குறைந்தது.

எவரும் கையை ஓங்கவில்லை. ஆயினும் இது வன்முறை அன்றோ? பேரிடரில் குடும்பத்தின் சுமையெல்லாம் எவர் உடல்மீது இறக்கி வைக்கப்படுகிறதோ, அவர் உரிமை இழந்தவரே.

சட்டம் அளிக்கும் துணை

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடி உதையை மட்டும் குற்றமாகக் கொள்ளவில்லை. மனைவியின் பணத்தையும் பொருளையும் பறித்தல், வாழ்க்கைச் செலவுக்கு வழியின்றிச் செய்தல் ஆகியவையும் அதன்படி வன்முறையே. வாழும் வீட்டில் தொடர்ந்து வாழும் உரிமையையும் அது பெண்ணுக்கு வழங்குகிறது. ஆழிப்பேரலைக்குப் பின் கட்டப்பட்ட வீடுகளைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வழங்கத் தமிழக அரசு 2005இல் முடிவு செய்தது போற்றத்தக்கது. பத்திரத்தில் தன் பெயர் உள்ள பெண்ணை எளிதில் வெளியேற்ற முடியாது.

நாம் செய்ய வேண்டியது யாது?

இடர்கள் ஓய்ந்துவிடவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எர்ணாவூர், எண்ணூர் வீடுகளுக்குள் புகுந்தது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில், கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிய, எண்ணூர்ப் பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளுடன் தெருவுக்கு ஓடினர்.

அத்தகைய நாளில் நம் பள்ளிக்கூடமும் பங்கு மண்டபமும் புகலிடமாகக்கூடும். அப்போது உணவுப் பொட்டலத்தோடு நம் கடமை முடியாது. இருபது பேருக்கு ஒரு கழிப்பறை, ஆண்களுக்கு ஒன்றெனில் பெண்களுக்கு மூன்று என்பது உலக நிவாரண அமைப்புகள் ஏற்ற அளவு. அதற்கு உள்தாழ்ப்பாள் வேண்டும். செல்லும் வழியில் விளக்கு வேண்டும். உதவித்தொகை பெண்ணின் கைக்கும் சேர வேண்டும். அவள் குறையைக் கேட்கப் பெண் ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. அடிபட்டு வந்து நிற்கும் பெண்ணிடம், "குடும்ப மானத்துக்காகப் பொறுத்துப் போ அம்மா" என்று சொல்லி அனுப்பும் வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. வாசக அன்பர்களே, அந்தச் சொல்லை இனி விட்டுவிடுவோம். 181 என்ற மகளிர் உதவி எண்ணையும், அருகிலுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்தையும் அவளுக்குக் காட்டுவோம். தனியே போக அஞ்சினால் துணைக்குச் செல்வோம். குடும்பத்தைக் காப்பது என்பது முதலில் அதைத் தாங்குகிறவளைக் காப்பதே.