கடலை உழுகிறார்கள், தெரியுமா?

2019 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு. சென்னையில் திருவான்மியூரிலும் பெசன்ட் நகரிலும் அலை உடைந்த இடமெல்லாம் நீல நெருப்பு! கால் வைத்தால் மணலில் நீலம், கையால் அளைந்தால் விரலிடுக்கில் நீலம். செய்தி பரவியதும் ஊரே கடற்கரைக்குக் கிளம்பியது. அந்த விளக்கை ஏற்றியது யார் தெரியுமா? ஒரே ஒரு செல்! நாக்டிலூகா சின்டிலன்ஸ் என்று பெயர். ஒற்றைச் செல் உயிர்தான், ஆனால் கொஞ்சம் பெரிய ஆள். கண்ணாடித் தம்ளரில் மொண்டு பார்த்தால் குட்டி ஜவ்வரிசிபோல வெறுங்கண்ணுக்கே தெரியும். மூளை கிடையாது, நரம்பு கிடையாது. ஆனாலும் யாராவது இடித்தால் கண் சிமிட்டும் நேரத்துக்குள் மின்னி அணைந்துவிடும். அதற்கு அலை உடைவதும் ஓர் இடிதான். இப்படிக் காயல் மின்னுவதைக் கேரளத்தில் 'கவரு' என்கிறார்கள். அதே வருடம் வந்த 'கும்பளங்கி நைட்ஸ்' படம் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது.

சரி, அடுத்த மாதம் நடந்தது தெரியுமா? பாம்பன், மண்டபம் பக்கம் மன்னார் வளைகுடாக் கடல் பச்சைப் பெயின்ட்டைக் கொட்டியதுபோல மாறியது. மீனவர்கள் 'பூங்கோரை' என்று சொல்லும் பாசிப் படர்ச்சி. கரையில் மீன்கள் செத்து ஒதுங்கின, தீவுகளை ஒட்டிய பவளங்களும் மடிந்தன. குற்றவாளி யார் என்று பார்த்தால், அதே நாக்டிலூகா! சென்னையில் நீலமாக மின்னிய ஆளேதான், வேறு வேஷம். பச்சை நாக்டிலூகா தன் ஒற்றைச் செல்லுக்குள் ஆயிரக்கணக்கில் குட்டிப் பாசிகளைக் குடிவைத்துக்கொள்கிறது. குடியிருப்பவை வெயிலில் சமைத்து வாடகையாக உணவு தருகின்றன. அது போதாமல் வெளியே போய் மற்ற நுண்பாசிகளையும் வேட்டையாடித் தின்னும். சைவமும் உண்டு, அசைவமும் உண்டு!

இத்தனைக்கும் இது மீனைக் கொல்லும் கொடிய விஷம் எதையும் சுரப்பதில்லை. செல்லுக்குள் அம்மோனியாவைச் சேர்த்துவைக்கும், அவ்வளவுதான். பிறகு எப்படிக் கடல் செத்தது? பாசி உயிரோடிருக்கும்போது செய்வதைவிடச் செத்தபின் செய்வதுதான் பெரிது. கோடிக்கணக்கில் மடிந்து அடியில் படியும் பாசியைத் தின்னப் பாக்டீரியா கூட்டம் வரும். அந்தப் பந்தி முடிவதற்குள் தண்ணீரில் இருந்த ஆக்சிஜன் காலி. நீந்தத் தெரிந்தவை ஓடிப்போகும். பவளத்துக்குக் கால் ஏது?

ஓடிப்போகிறவை எங்கே போகும்? அமெரிக்காவின் அலபாமாவில், மெக்சிகோ வளைகுடாவை ஒட்டி, மொபைல் விரிகுடா என்று ஓர் இடம். கோடையில் சில நாள் விடியலுக்கு முன்னால் நண்டும் இறாலும் தட்டைமீனும் தாங்களாகவே கரையோரம் வந்து குவிந்து மயங்கிக் கிடக்கும்! பார்த்தவர் 'ஜூபிலி' என்று கத்துவார். ஊர் முழுக்க எழுந்து பாத்திரமும் விளக்குமாக ஓடி அள்ளிக்கொள்ளும். அடியிலிருந்து ஆக்சிஜன் இல்லாத நீர் ஏறி வர, மூச்சுக்குத் தவித்து ஒதுங்கிய கூட்டம் அது. 19ஆம் நூற்றாண்டிலேயே பதிவாகியிருப்பதால் எல்லாப் பழியையும் உரமூட்டையின் தலையில் போட முடியாது.

ஆனால் அதே மெக்சிகோ வளைகுடாவில், மிசிசிப்பி ஆறு கலக்கும் பக்கம் விரியும் 'செத்த மண்டலம்' பெரும்பாலும் உரமூட்டைக் கணக்குத்தான். நான்சி ரபலே என்ற கடலியலாளர் 1985இல் இருந்து அநேகமாக ஆண்டுதோறும் கோடையில் கப்பலில் போய் அதை அளந்துவந்தார். 2017இல் வந்த அளவு 22,730 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம்! கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அயோவாவில் ஒருவர் மக்காச்சோளத்துக்குப் போட்ட உரம், மழையில் கரைந்து, வாய்க்காலில் இறங்கி, ஆறு ஆறாக மாறி வந்து இறாலின் மூச்சை நிறுத்துகிறது. இதை 2035க்குள் 5,000 சதுர கிலோமீட்டருக்குள் சுருக்குவது அவர்களுடைய இலக்கு.

நம் விவசாயிகளுக்கு இது புதுச் செய்தியே அல்ல. தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானால் பயிர் தழதழவென்று நிற்கும், சாயும், பூச்சி விழும்; நெல் தேறாது. கடலும் ஒரு வயல்தான். தழைச்சத்தும் மணிச்சத்தும் அங்கேயும் அதே வேலையைத்தான் செய்கின்றன. பருவக்காற்று காலத்தில் ஆழ்கடலே அடியிலிருந்து கொஞ்சம் உரத்தைக் கிளறி மேலே அனுப்பும். நம் மீன்வளமே அதை நம்பித்தான் இருக்கிறது. அதன்மேல் நாம் ஆற்றுவழி யூரியாவும் சாக்கடைவழி மற்றதும் அனுப்பினால்?

மற்றது என்றதும் முகம் சுளிக்காதீர்கள், இதுதான் என்னை அசத்திய விஷயம். 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றிலிருந்தே அம்மோனியா செய்யலாம் என்று காட்டினார். இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் சாப்பாடு அந்த முறையில் வந்த உரத்தில் விளைந்தது. காற்று உரமாகி, உரம் சோறாகி, சோறு நாமாகி, மிச்சம் கழிவுநீராகிறது. நல்ல சுத்திகரிப்பு நிலையத்தில் கடைசியாக என்ன நடக்கிறது தெரியுமா? ஒரு வகைப் பாக்டீரியா அந்த நைட்ரஜனை மறுபடி வாயுவாக்கிக் காற்றுக்கே அனுப்பிவிடுகிறது! வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்தாயிற்று. அந்த வசதி இல்லாத ஊர்களின் பாக்கிதான் கடலில் போய் நிற்கிறது.

பாக்கி எப்படியெல்லாம் வசூலாகும் பாருங்கள். 2008 பீஜிங் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள்தான் இருந்தன. பாய்மரப் படகுப் போட்டி நடக்கவிருந்த சிங்தாவ் கடலில் படகு நகர முடியாதபடி பச்சைக் கடற்பாசி! படைவீரர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் இறங்கி 10 லட்சம் டன்னுக்கு மேல் அள்ளினார்கள். பிரான்சின் பிரித்தானி கடற்கரையில் 2009இல் ஒரு குதிரை அழுகும் பாசிக்குள் புதைந்து, அதிலிருந்து கிளம்பிய ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவால் செத்தது. கூட இருந்தவரும் மயங்கி விழுந்து பிழைத்தார். அழுகிய முட்டை நாற்றம்தானே, எச்சரித்துவிடும் என்று நம்ப வேண்டாம். அளவு ஏறினால் அந்த வாயு முதலில் மூக்கைத்தான் மரக்கவைக்கும்! 2021இல் துருக்கியின் மர்மரா கடல் கொழகொழவென்று ஏதோ பூசிக்கொண்டது. அதற்குக் கிடைத்த பெயர் கடல் சளி. சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்க.

விஷப் பாசியின் கதை தனி. அதுவும் ஒரு ஆகஸ்ட் 18தான், ஆனால் 1961. கலிபோர்னியாவின் கேபிட்டோலா பக்கம் விடியற்காலையில் கடற்பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து வீட்டுக் கூரையிலும் விளக்குக் கம்பத்திலும் மோதி விழுந்தன. பக்கத்தில் வசித்த ஒருவர் இந்தச் செய்தியில் மிகவும் ஆர்வம் காட்டினார். அவர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்! 1963இல் 'தி பேர்ட்ஸ்' வந்தது. ஏன் அப்படி நடந்தது என்பதற்கான பதில் மட்டும் 2012இல்தான் கிடைத்தது. 1961இல் அந்தக் கடலில் சேகரித்துப் பத்திரப்படுத்தியிருந்த குட்டி மிதவை உயிரினங்களின் வயிற்றை ஆராய்ந்தபோது, டோமோயிக் அமிலம் சுரக்கும் பாசி நிறைய இருந்தது. அந்தப் பாசியை மீன் தின்று, மீனைப் பறவை தின்று, பறவையின் மூளை குழம்பியிருக்கிறது. இதே நஞ்சு 1987இல் கனடாவில் கடல்மட்டி சாப்பிட்டவர்களைத் தாக்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், சிலர் இறந்தார்கள், பிழைத்தவர்களில் சிலருக்குப் புதிதாக எதுவும் நினைவில் நிற்கவில்லை. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் இந்த நஞ்சு போகாது என்பதை மட்டிக் குழம்புப் பிரியர்கள் குறித்துக்கொள்ளலாம்.

தீர்வே இல்லையா? உண்டு. கருங்கடலின் வடமேற்கு மூலையும் ஒரு காலத்தில் பெரிய செத்த மண்டலம். 1989க்குப் பிறகு கம்யூனிச ஆட்சிகள் விழுந்தன, மானியம் போயிற்று, டான்யூப் ஆற்றங்கரை வயல்களுக்கு உரம் வாங்கக் காசில்லை. சில வருடத்தில் கடலுக்கு மூச்சு திரும்பியது! யாரும் திட்டமிடாத வைத்தியம். திட்டமிட்டுச் செய்பவையும் இருக்கின்றன. தென்கொரியாவில் மீன் பண்ணைகளைச் சுற்றி மஞ்சள் களிமண்ணைத் தூவிப் பாசியை அமிழ்த்துகிறார்கள். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் சிப்பி வளர்க்கிறார்கள். வளர்ந்த சிப்பி ஒன்று, சூழல் தோதாக அமைந்தால் நாளுக்கு 190 லிட்டர் வரை நீரை வடிகட்டும். ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் வழியே நம் கடல்களில் பாசி எங்கே பூக்கிறது என்று பார்த்துச் சொல்கிறது. இதில் களிமண் எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. அது காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுகிற மாதிரி.

நோயின் மூலத்துக்கே மருந்து கொடுத்தது ஜப்பான். அங்கேதான் கதை தலைகீழாகப் புரள்கிறது! செத்தோ உள்நாட்டுக் கடலில் 1972 கோடையில் ஒரு செம்பாசி, பண்ணைகளில் வளர்த்த 1 கோடியே 40 லட்சம் மீன்களைக் கொன்றது. அடுத்த வருடமே தனிச் சட்டம். தொழிற்சாலைக் கழிவுக்குக் கடிவாளம், பிறகு மணிச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் வரம்பு. 1976இல் 299 முறை வந்த செம்பாசி, பிற்பாடு ஆண்டுக்கு நூறு முறை என்ற அளவுக்கு இறங்கியது. தண்ணீர் பளிங்குபோல ஆயிற்று. எல்லோருக்கும் மகிழ்ச்சிதானே?

இல்லை! சுஷி சுற்றும் கறுப்பு நோரி பாசி வெளுத்துப்போனது. வெளுத்த நோரியைச் சந்தையில் யார் வாங்குவார்? மீன்பாடும் குறைந்தது. கடல் பட்டினி கிடக்கிறது என்றார்கள் மீனவர்கள். அரை நூற்றாண்டாகக் கழிவைக் குறை, குறை என்று சொல்லிவந்த சட்டத்தை 2021இல் திருத்தி, தேவைப்படும் இடத்தில் சத்தைக் கூட்டவும் வழிசெய்தார்கள். இப்போது நோரி வளரும் குளிர்காலத்தில் சில சுத்திகரிப்பு நிலையங்கள் வேண்டுமென்றே தழைச்சத்தைக் கொஞ்சம் மிச்சம் வைத்து நீரை வெளியே விடுகின்றன.

ஹியோகோ மாகாணத்து மீனவர்கள் அதற்கும் ஒரு படி மேலே போனார்கள். படகை விட்டிறங்கி, விவசாயிகளோடு சேர்ந்து ஊர் ஏரிகளை வடித்து, அடிவண்டலைக் கலக்கிக் கடலுக்கு அனுப்புகிறார்கள். பிறகு படகுக்குத் திரும்பி, பின்னால் இரும்புப் பல் வைத்த கலப்பையைக் கட்டி, கடலின் அடித்தரையை மேலும் கீழுமாக உழுகிறார்கள்.