புல் மண்டிய கரம்பில் கேழ்வரகு விதைப் படுகை

நம் நாட்டின் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ பாதி இன்றும் வான்மழையை நம்பியே உள்ளது. இத்தகைய நிலத்தில் உழவனுக்குக் கிடைப்பது ஒரே ஒரு விதைப்பு வாய்ப்பு. அது தவறினால் அவ்வாண்டின் உணவும் தீவனமும் தவறிப்போகும். மழையின் அளவை மாற்ற மனிதனால் இயலாது. ஆனால், பெய்யும் மழையை விதைக்குப் பயன்படச் செய்யும் மண்படுகையை அமைப்பது அவன் கையிலேயே இருக்கிறது. பல ஆண்டுகள் தரிசாகக் கிடந்து புல் மண்டிய நிலத்தை மீண்டும் சாகுபடிக்குக் கொண்டுவரும்போது, இந்தப் பணி இருமடங்கு கவனத்தை வேண்டுகிறது.

கர்நாடக மாநிலத்தின் தென்கோடியில் அமைந்த குண்டலுபேட்டை வட்டம் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். முன்பு மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வட்டம், 1990-களின் இறுதியில் சாமராஜநகர் மாவட்டம் உருவானபோது அதனுடன் இணைந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால், அருகேயுள்ள வயநாட்டில் கொட்டும் தென்மேற்குப் பருவமழையில் சிறுபகுதியே இங்கு வந்து சேருகிறது. சித்திரை, வைகாசியில் ஒருமுறையும், புரட்டாசி, ஐப்பசியில் மறுமுறையுமாக மழை இரு உச்சங்களை எட்டுகிறது. செம்மண் நிலங்களே மிகுதி. கேழ்வரகு, சோளம், கொள்ளு, சூரியகாந்தி ஆகியவை இங்கு மானாவாரியாக விளைகின்றன.

விதையின் அளவும் நிலத்தின் பதமும்

கேழ்வரகு விதை மிகச் சிறியது. ஆயிரம் விதைகளின் எடை ஏறத்தாழ 3 கிராம்தான். அவ்வாறாயின் ஏக்கருக்குப் பரிந்துரைக்கப்படும் 4 கிலோ விதையில் ஏறக்குறைய 13 இலட்சம் விதைகள் அடங்கியுள்ளன. வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. என்று கணக்கிட்டால், ஓர் ஏக்கருக்கு வேண்டிய செடிகளோ 1 இலட்சத்து 35 ஆயிரம் மட்டுமே. பத்து விதைக்கு ஒரு செடி போதும் என்றாகிறது. இருப்பினும், சீரற்ற படுகையில் அந்த ஒரு செடியும் உரிய இடத்தில் எழுவதில்லை. ஓரிடத்தில் கொத்தாக முளைக்கிறது. மற்றோரிடத்தில் முழக் கணக்கில் வெறுமையாகக் கிடக்கிறது.

இதற்குக் காரணம் வெளிப்படை. இவ்விதை 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில், ஈரமண்ணோடு நெருங்கிப் படிந்திருக்க வேண்டும். கட்டிகளுக்கிடையே விழும் விதை, மண்ணைத் தொடாமல் காற்றில் உலர்கிறது. பள்ளத்தில் விழுவது மண்ணால் மூடப்பட்டு மேலே வர வலுவின்றி மடிகிறது. மேட்டில் கிடப்பதை எறும்பும் பறவையும் கொண்டுபோகின்றன. ஆகவே, சமமான விதைப் படுகை என்பது கண்ணுக்கு அழகு சேர்ப்பதற்காக அன்று. ஒவ்வொரு விதைக்கும் ஒரே ஆழம், ஒரே ஈரம் கிடைப்பதற்காகவே ஆகும்.

முதலில் புல், பிறகே மண்வெட்டு

கரம்பைத் திருத்த முனைவோர் பலர் செய்யும் தவறு, புல்லோடு சேர்த்தே நிலத்தைச் சமன்படுத்துவதாகும். வெட்டிய புற்கட்டிகள் பள்ளத்தில் புதைகின்றன. அவை மட்கும்போது மண் அமிழ்ந்து, சமன்படுத்திய நிலம் மீண்டும் குண்டும் குழியுமாகிறது. மட்காதவை துளிர்த்து எழுகின்றன.

அருகும் கோரையும் இரு வேறு இயல்பின. அருகு, நிலத்தடித் தண்டின் கணுக்களிலிருந்து பெருகுவது. வெயிலில் உலர்ந்தால் மடியக்கூடியது. எனவே, அறுவடைக்குப் பிந்தைய ஈரம் இருக்கும்போதே இறக்கைக் கலப்பையால் 15 முதல் 20 செ.மீ. ஆழம் உழுது, வேர்களைப் புரட்டிக் கோடை வெயிலில் காயவிட வேண்டும். பின்னர் கொத்துக் கலப்பையை ஓட்டி, உலர்ந்த தண்டுகளை வாரி வெளியேற்றலாம். தொடக்கத்திலேயே சுழற்கலப்பையை ஓட்டுவது தீங்கு பயக்கும். அது உயிருள்ள தண்டைப் பல துண்டுகளாக நறுக்குகிறது. ஈரம் கிடைத்தால் கணுவுள்ள துண்டு ஒவ்வொன்றும் ஒரு புதிய செடியாகிறது. கோரையின் கிழங்குகளோ ஆழத்தில் சங்கிலிபோல் இணைந்திருப்பவை. ஓர் உழவில் அவை ஒழிவதில்லை; முளைக்கவிட்டு உழுவதைப் பலமுறை செய்து, கிழங்கின் சேமிப்பைக் குறைப்பதே வழி.

சமன்படுத்துதல்: எவ்வளவு வெட்டலாம்?

செம்மண் நிலத்தில் வளமான மேல்மண் பெரும்பாலும் ஒரு சாண் ஆழத்துக்கு மேல் இருப்பதில்லை. நூறு மீட்டர் நீளத்தில் ஒரு மீட்டர் சரிவுள்ள நிலத்தை முற்றிலும் மட்டமாக்க முயன்றால், மேல்முனையில் 50 செ.மீ. வெட்டி, கீழ்முனையில் 50 செ.மீ. நிரப்ப நேரிடும். மேல்பாதியில் அடிமண் வெளிப்பட்டு, பல ஆண்டுகளுக்குப் பயிர் குன்றும். அதே நிலத்தைச் சம உயர வரப்புகளால் 25 மீட்டர் அகலமுள்ள நான்கு பட்டைகளாகப் பிரித்தால், ஒவ்வொன்றிலும் அதிகபட்ச வெட்டு 12.5 செ.மீ. அளவோடு நின்றுவிடும். சிறிது சரிவை விட்டுவைத்தால் அதுவும் குறையும். மானாவாரி நிலத்துக்கு நெல்வயலின் மட்டம் தேவையில்லை. நீர் ஓரிடத்தில் தேங்காமலும் ஓரிடத்தில் விரைந்தோடாமலும் இருந்தால் போதுமானது.

மண்ணின் எடையை எண்ணிப் பார்ப்பதும் நல்லது. ஒரு ஹெக்டேரில் ஒரு செ.மீ. கனமுள்ள மண் 100 கன மீட்டர். ஏறத்தாழ 140 டன். இதை இடம் மாற்றும் செலவு சிறிதன்று. அடிமண்ணை வெட்டுவது தவிர்க்க முடியாததாயின், மேல்மண்ணை முதலில் சுரண்டி ஒருபுறம் குவித்து, அடிமண்ணைச் சமன்செய்தபின் மேல்மண்ணைத் திரும்பப் பரப்ப வேண்டும். இயந்திர வாடகை கூடினாலும் இம்முறையே இறுதியில் ஆதாயம் தரும். நிரப்பிய பகுதி மழைக்குப் பின் அமிழும் என்பதால் அதனைச் சற்று உயர்த்தியே விட்டு, ஓரிரு மழை பெய்தபின் இறுதியாகச் சீர்செய்தல் வேண்டும். பாரமான இயந்திரம் ஓடிய தடங்களில் மண் இறுகியிருக்கும். அவ்விடங்களை மட்டும் ஆழமாகக் கீறிவிடுதல் நலம்.

ஒரு பருவம் பொறுத்தல்

திருத்திய நிலத்தில் உடனே கேழ்வரகு விதைக்க விரைவது உழவருக்கு இயல்பே. ஆனால், புதைந்த புல்வேர்கள் மட்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தமக்கென எடுத்துக்கொள்கின்றன. அவ்வேளையில் எழும் இளம்பயிர் வெளிறி நிற்கும். குண்டலுபேட்டையின் இரட்டை மழை இதற்கு ஒரு வழியைத் தருகிறது. கோடை மழையில் தட்டைப்பயறோ சணப்போ விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழலாம். அடிமண் தெரியும் இடங்களில் கொள்ளு விதைப்பது மண்ணை மூடிக் காக்கும். ஏக்கருக்கு 3 டன் மக்கிய தொழுவுரத்தைப் பரப்பும்போது, வெட்டுப்பட்ட பகுதிகளுக்குக் கூடுதல் பங்கு அளிக்க வேண்டும். மண்ணை ஆய்வுக்கு அனுப்புவோர், வெட்டிய பகுதியின் மண்ணையும் நிரப்பிய பகுதியின் மண்ணையும் தனித்தனியே எடுத்தல் அவசியம்.

படுகையை முடித்தல்

ஆடியில் விதைப்புக்கு நிலத்தை முடிக்கும்போது ஈரப்பதமே முதன்மையானது. ஒரு பிடி மண்ணை உருண்டையாக்கி இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் அது பொலபொலவென்று உதிர வேண்டும். பிசுபிசுப்பாக ஒட்டினால் உழவு காத்திருக்கலாம். உருண்டையே பிடிபடாவிட்டால் ஈரம் கடந்துவிட்டது எனக் கொள்ளலாம். பதத்தில் இரண்டு உழவு உழுது, அலகுள்ள குண்டெயை ஓட்டிக் களைகளை அறுத்து, பரம்புப் பலகையால் கட்டிகளை நொறுக்கி மட்டப்படுத்த வேண்டும். பலகை ஓடியபின் நடந்தால் குதிகால் சிறிதே பதிய வேண்டும். ஆழமாகப் பதியுமாயின் மண் இன்னும் தளர்ந்திருக்கிறது. விதை ஆழத்தில் போய்விடும்.

எனினும் மண்ணை மாவாக்கிவிடக் கூடாது. செம்மண்ணின் மெல்லிய துகள்கள் மழைத்துளியின் அடியில் படிந்து, வெயில் பட்டதும் ஓடுபோல் இறுகுகின்றன. அந்த ஓட்டைத் துளைத்து வெளிவரும் வலு கேழ்வரகின் முளைக்கு இல்லை. ஆகவே, மேற்பரப்பில் பயறு அளவுள்ள மண்பருக்கைகள் எஞ்சியிருத்தல் நன்று. விதைத்தபின் பெருமழை பெய்து மண் இறுகினால், முளை வெளிவருமுன் முட்கிளையை இலேசாக இழுத்து ஓட்டை உடைக்கலாம்.

மணலோடோ தூளான தொழுவுரத்தோடோ கலந்து, கன்னடத்தில் கூரிகெ எனப்படும் விதைக்கும் கொறுவால் வரிசையாக விதைத்தால் விதை பரவலாக விழும். இடையே அவரைக்கு விடப்படும் அக்கடிச் சால், பழைய மைசூர்ப் பகுதி உழவரின் நெடுநாள் அறிவு. தானியம் தவறினாலும் பருப்பாவது வீடு சேரும்.

இரகமும் நிலமும்

கேழ்வரகு ஆராய்ச்சியில் இப்பகுதிக்குப் பெருமை உண்டு. மண்டியாவிலுள்ள வி.சி. பண்ணையில் லட்சுமணையா, இந்தியக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் இணைத்து உருவாக்கிய ‘இண்டாப்’ இரகங்கள் விளைச்சலை உயர்த்தின. குலைநோயைத் தாங்கும் ஜி.பி.யு. 28 இரகம் 1990-களில் வந்தது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபின் சிறுதானியங்களுக்குச் சந்தையிலும் மதிப்புக் கூடியுள்ளது. ஆயினும், சிறந்த இரகத்தின் ஆற்றலும் முளைத்தபின்தான் வெளிப்படும். சீரற்ற படுகையில் முளைக்காத விதைக்கு இரகம் என்ற பெயரால் பயன் இல்லை.

மற்றொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. புல் நிற்கும் நிலமெல்லாம் வீணான நிலம் அன்று. ஊர்ப் பொது மேய்ச்சல் தரை, கால்நடைகளை நம்பி வாழ்வோரின் வாழ்வாதாரம். செங்குத்துச் சரிவின் புல், கீழேயுள்ள ஏரியை வண்டலிலிருந்து காக்கும் வேலி. அவற்றைக் கலப்பை தீண்டாதிருத்தலே நலம். முன்பு பயிரிடப்பட்டு, ஆட்குறைவாலோ வறட்சியாலோ கைவிடப்பட்ட பட்டா நிலமே இம்முயற்சிக்கு உரியது.

அத்தகைய நிலத்தில், அவசரத்தில் ஒரே நாளில் மண்ணைப் புரட்டிவிட்டு மழையைக் குறைகூறுவதைக் காட்டிலும், ஒரு பருவம் பொறுத்துப் புல்லை ஒழித்து, மேல்மண்ணைக் காத்து, பதமறிந்து படுகையை முடிக்கும் உழவர், அடுத்த மழையைத் தயக்கமின்றி எதிர்நோக்கலாம். சிறுவிதைக்குச் செய்யும் இந்தச் சிறு பணிகளே கரம்பைக் கழனியாக்குகின்றன.