ஒலியெழுப்பா இசையும் அதன் பாடவேறுபாடும்

ஒலியே இசைக்கு உடல் என்பது இசைநூலார் பொதுவாக உடன்பட்ட கொள்கை. இசைப்போன் அவ்வொலியை எழுப்பாதுவிடின் ஆங்கு இசை உண்டோ என்னும் வினா, 1952ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள் மாலை, அமெரிக்க நாட்டு நியூயார்க் மாநிலத்து வுட்ஸ்டாக் என்னும் ஊரில், மரத்தாலாய சிறியதோர் அரங்கில் எழுந்தது. அன்று அரங்கேறியது ஜான் கேஜ் இயற்றிய ‘4 நிமிடம் 33 நொடி’ என்னும் படைப்பு. அதனைப் புகழ்ந்தாரும் இகழ்ந்தாரும் பலர். அதன் மூலபாடத்தை நோக்கினார் மிகச் சிலரே. அப்பாடத்தின் சிக்கல் சுவடி ஒப்புநோக்குவார்க்குப் புதியதன்று ஆதலின், அதனையே ஈண்டு விரிக்கக் கருதினோம்.

மாவெரிக் அரங்கம் எனப்படும் அவ்விடம், ஹெர்வி வைட் என்பார் 1916இல் காட்டினிடையே எழுப்பியது. அதன் பின்புறம் மரங்களை நோக்கித் திறந்திருக்கும். கலைஞர் நலநிதியின் பொருட்டு நிகழ்ந்த அன்றைய அரங்கில் டேவிட் டியூடர் பியானோ இசைத்தார். கேஜ், கிறித்தியன் உல்ஃப், மார்ட்டன் ஃபெல்ட்மன், ஏர்ல் பிரௌன் ஆகிய புதுநெறியாளர் படைப்புகளும், பிரெஞ்சு நாட்டுப் பியர் பூலேயின் முதற் சொனாட்டாவும் இசைக்கப்பெற்றன. இறுதியில் வைக்கப்பட்டது, பியானோவின் உள்ளே கைபுகுத்தி நரம்புகளை வருடி ஒலியெழுப்பும் ஹென்றி கௌவெலின் ‘பான்ஷீ’. அதற்கு முன்னது நம் ஆய்வுக்குரியது. டியூடர் அமர்ந்தார்; விசைப்பலகையின் மூடியைச் சாத்தினார்; கடிகாரத்தை நோக்கியிருந்தார்; பகுதி முடிந்ததும் மூடியைத் திறந்தார். இவ்வாறு மும்முறை நிகழ்ந்தது. ஒரு விசையும் தொடப்படவில்லை.

இனிப் பாடத்திற்கு வருவோம். அன்றைய நிகழ்ச்சிநிரல், இப்படைப்பை ‘நான்கு உருப்படிகள்’ எனக் குறித்து, மொத்த அளவையும் அதன்கீழ் 30 நொடி, 2 நிமிடம் 23 நொடி, 1 நிமிடம் 40 நொடி என்னும் மூன்று அளவுகளையும் நிரல்பட அச்சிட்டது. முழுமையின் பெயரையும் ஓர் உறுப்பாக எண்ணிய பிழை இது. டியூடர் அன்று கையிற்கொண்ட மூலப்படி இன்றில்லை; வெற்று இசைவரித்தாளில் அஃது அமைந்திருந்தது என்பது அவர் கூற்று. 1953இல் இர்வின் கிரெமனுக்கென எழுதப்பட்ட படி, 7 அங்குலம் 56 நொடியாகக் கொண்டு, காலத்தை வெற்றிடத்தால் அளந்து, செங்குத்துக் கோடுகளால் பகுதிகளைப் பிரிக்கும். அதன் அளவுகள் நிகழ்ச்சிநிரலோடு ஒத்தன. 1960இல் வெளிவந்த தட்டச்சுப் பதிப்போ, வுட்ஸ்டாக்கில் நிகழ்ந்தவை 33 நொடி, 2 நிமிடம் 40 நொடி, 1 நிமிடம் 20 நொடி என்னும். கூட்டினால் இரண்டும் 273 நொடியே, உறுப்புகளே வேறுபடுகின்றன.

எது கொள்ளத்தக்கது? பிந்தியதே ஆசிரியர் ஒப்பிய வடிவம் எனச் சிலர் சொல்லக்கூடும். ஆயின் 1960ஆம் ஆண்டுக் குறிப்பு புதியதொரு விதியை வகுக்கவில்லை, நடந்ததொன்றைக் கூறுகிறது. நடந்ததற்குச் சான்று நிகழ்ச்சிநிரலும் கிரெமன் படியுமே. அவை காலத்தால் முந்தியன, தம்முள் ஒத்தன. ஆதலின் 30 நொடியில் தொடங்கும் பாடமே வலியுடையது என்பது எம் துணிபு.

ஒலியே இல்லாதவிடத்து இவ்வேறுபாட்டால் ஆவதென்ன என்று வினவுவார்க்கு ஒன்று கூறுவோம். சீட்டுகளைக் கலைத்தெடுத்து, அவை காட்டிய சிறுசிறு கால அளவுகளைக் கூட்டியே கேஜ் இதனை அமைத்தார்; கூட்டலில் தாம் பிழைத்திருக்கவும் கூடும் என்றார். சொற்களெல்லாம் நீங்கி யாப்பு மட்டும் எஞ்சிய செய்யுள் போன்றது இது. அளவுகளே இங்குப் பாடம். அவை மாறின் மாறுவது சிறுதிரிபன்று, பாடம் முழுவதும் ஆகும். அதே 1960ஆம் ஆண்டுப் பதிப்பு, எக்கருவியாலும் எத்துணைக் காலமும் நிகழ்த்தலாம் எனத் தளர்த்தியது, யாப்பையும் கைவிட்டவாறு போலும்.

இதனைக் கற்பனையிசையோடு ஒன்றாக்கிப் பேசுவாரும் உளர், அது பொருந்தாது. ஆலாபனை செய்வோன் தன் பயிற்சியையும் விருப்பத்தையும் அவ்வப்போது வெளிப்படுத்துகிறான். கேஜோ அவ்விருப்பத்தையே விலக்க முயன்றவர். இக்கருத்துக்கு ஒரு வேர் நம்மவரிடத்தும் உண்டு. ஈழத்தமிழ்த் தந்தைக்கு 1877இல் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமியின் நூல்களை அவர் கற்றவர். கலையானது இயற்கை தொழிற்படும் முறையைப் பின்பற்றுவது என்னும் கருத்தை அங்கிருந்தே எடுத்தாண்டவர். 1946 முதல் 1948 வரை அவர் இயற்றிய சொனாட்டாத் தொகுதி வடநூலார் கூறும் ஒன்பது சுவைகளைப் பொருளாகக் கொண்டது. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டென்றது ஒப்புநோக்கத்தக்கது. எனினும் மரபுவழிக் கலையையே போற்றிய குமாரசுவாமி, சீட்டுக் கலைத்தலை அக்கருத்தின் உரையாக ஏற்றிருப்பார் என நாம் கருதவில்லை.

1951இல் ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்து எதிரொலியற்ற அறையிற் புகுந்தபோது, தம் உடலினின்று எழுந்த இரண்டு ஒலிகளைக் கேட்டதாகக் கேஜ் எழுதினார். முழுமையான அமைதி என ஒன்றில்லை என்பது அவர் கொண்ட முடிபு. வுட்ஸ்டாக் அரங்கில் முதற்பகுதியிற் காற்றும், இரண்டாவதிற் கூரைமேல் வீழ்ந்த மழைத்துளியும், மூன்றாவதிற் சினந்து பேசியும் எழுந்து சென்றும் அவையோர் எழுப்பிய அரவமும் கேட்டன என அவரே பின்னர் நினைவுகூர்ந்தார். எப்படியிலும் எழுதப்படாத இவ்வொலிகளுள், மழைக்கு உரிய பகுதி 2 நிமிடம் 23 நொடியோ 40 நொடியோ என்பதே மேற்கண்ட பாடவேறுபாட்டால் ஐயத்திற்கு இடமாயிற்று.