படம் மங்குவது எதனால்?

ஒரு குடும்பத்தின் வரலாற்றை ஏட்டில் எழுதி வைப்போர் மிகச் சிலர். அதனைப் படங்களாகச் சேர்த்து வைப்போர் பலர். அம்மம்மாவின் முகம், தம்பிக்கு ஏடு தொடக்கிய நாள், அக்காளின் திருமணம் என்று வீட்டு அல்பத்தில் இருப்பவை யாவும் மீண்டும் நிகழாதவை. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தபோது அந்த அல்பத்தையே இழந்த குடும்பங்கள் நமது நாட்டில் எத்தனையோ உள. பெற்றோரின் முகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படந்தானும் இல்லாதவர்களே, தெளிவான ஒரு படத்தின் பெறுமதியை நன்கு அறிவர். ஆதலால், எடுக்கும் படம் தெளிவாக விழவேண்டும் என்னும் ஆசையை வெறும் பொழுதுபோக்கு ஆசையென்று ஒதுக்கிவிட முடியாது.

கைத்தொலைபேசியே கமராவாகிவிட்ட காலம் இது. ஆயினும், வில்லையைக் கழற்றி மாற்றக்கூடிய டீ. எஸ். எல். ஆர். கமராக்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. கனன், நிக்கோன் முதலிய பெரிய நிறுவனங்கள் கண்ணாடியில்லாக் கமராக்களின் பக்கம் திரும்பிவிட்டமையால், பழைய வகைக் கமராக்களும் அவற்றின் வில்லைகளும் பாவித்த பொருளாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வெளிநாட்டிலுள்ள உறவினர் தாம் பாவித்ததை ஊருக்கு அனுப்பி வைப்பதும் உண்டு. மாணவர்களுக்கு இது நல்ல வாய்ப்பே. ஆனால், கமரா கைக்கு வந்து சில வாரங்களில் ஒரு முறைப்பாடு எழுகின்றது: “படம் மங்கலாக விழுகின்றது, லென்ஸ் சரியில்லை, வேறு லென்ஸ் வாங்கவேண்டும்.”

வில்லையை மாற்றுமுன் மங்கலின் காரணத்தைக் காணவேண்டும் என்பதே நாம் இங்கு சொல்ல விரும்புவது. காரணம் தெரிந்துவிட்டால் பல வேளைகளில் ஒரு சதமும் செலவிட வேண்டியிராது. செலவிடத்தான் வேண்டுமென்றாலும், எதற்காகச் செலவிடுகின்றோம் என்பது தெளிவாகிவிடும்.

கமராவின் உள்ளே நடப்பது

முதலில் கமராவின் உள்ளமைப்பைச் சிறிது நோக்குவோம். வில்லையினூடாக வரும் ஒளி, 45 பாகை சரிவில் நிற்கும் ஓர் ஆடியில் பட்டு மேலே தெறிக்கின்றது. அங்குள்ள அரியம் அதனைத் திருப்பி நமது கண்ணுக்கு அனுப்புகின்றது. அந்த ஆடியின் நடுப்பகுதி ஒளியில் ஒரு பங்கை ஊடுருவ விடும். பின்னாலுள்ள சிற்றாடி ஒன்று அப்பங்கைக் கமராவின் அடித்தளத்துக்கு இறக்குகின்றது. தானாகக் குவியம் பார்க்கும் உணரிகள் அங்கேதான் இருக்கின்றன. வில்லையின் இரு ஓரங்களினூடாக வரும் விம்பங்களை அவை ஒப்பிட்டு, வில்லையை எப்பக்கம், எவ்வளவு நகர்த்தவேண்டும் என்று கணிக்கின்றன. நமது இரு கண்களும் சேர்ந்து தூரத்தை மதிப்பிடுவதை இது ஒருவாறு ஒத்தது. பொத்தானை முழுவதும் அழுத்தியதும் ஆடி மேலெழ, ஒளி பின்னாலுள்ள படவுணரியில் விழுந்து படமாகின்றது.

இங்கு ஒன்றைக் கவனிக்கவேண்டும். குவியத்தை அளப்பது ஓரிடம். படம் விழுவது வேறிடம். இவ்விரண்டுக்கும் ஒளி செல்லும் தூரம் மயிரிழையும் பிசகாது சமமாக இருந்தால்தான் அளவு சரியாகும். இதன் விளைவைப் பின்னர் காண்போம்.

எந்த வில்லை யாருக்கு?

வில்லையின்மேல் பொறித்திருக்கும் மில்லிமீற்றர் எண், அதன் குவியத் தூரத்தைக் குறிக்கும். எண் சிறிதாயின் அகன்ற காட்சி அடங்கும். பெரிதாயின் தூரத்துப் பொருள் அருகே வரும். சாதாரண விலைக் கமராக்களின் படவுணரி, பழைய 35 மில்லிமீற்றர் பிலிமின் சட்டத்திலும் சிறியது. ஆகையால், அவற்றில் காட்சி மேலும் ஒடுங்கும். நிக்கோனில் 1.5 மடங்கும், கனனில் 1.6 மடங்கும் பெருக்கிப் பார்க்கவேண்டும். அதாவது, 50 மில்லிமீற்றர் வில்லை நிக்கோனின் சிறிய உணரியில் 75 மில்லிமீற்றர் வில்லையின் காட்சியைத் தரும்.

கமராவுடன் பெரும்பாலும் கூடவரும் 18–55 மில்லிமீற்றர் ஸூம் வில்லையைப் பலர் இகழ்வர். அது தகாது. சில மாதங்கள் அதனையே வைத்துப் பழகுவது நன்று. எந்தக் குவியத் தூரத்தில் எடுத்தோம் என்னும் விபரம் ஒவ்வொரு படத்தின் கோப்பிலும் தானாகப் பதிவாகின்றது. எடுத்த படங்களில் ஒரு நூறைக் கணினியில் திறந்து அந்த எண்ணைக் குறித்து வாருங்கள். பெரும்பாலானவை 55இல் முட்டி நின்றால், நமக்குத் தேவை 55–250 அல்லது 70–300 போன்ற தொலைவு வில்லை. மன்னார் வங்காலைச் சரணாலயத்தின் நீர்ப்பறவைகளைப் படம்பிடிக்க விரும்புவோருக்கு 300 மில்லிமீற்றரும் போதாதென்றே தோன்றும். பெரும்பாலானவை 18இல் நின்று, முதுகு சுவரில் முட்ட எடுத்தவையாயின், 10–18 அல்லது 10–20 போன்ற அகல வில்லை உதவும். எண் எதுவாயினும், மண்டபத்திலும் இரவிலும் எடுத்தவை மாத்திரம் கெட்டிருப்பின், நாம் தேடவேண்டியது அகன்ற துவாரமுடைய 35 அல்லது 50 மில்லிமீற்றர் வில்லையாகும்.

துவாரத்தின் அளவை எஃப் எண் குறிக்கும். எண் சிறுத்தால் துவாரம் பெருக்கும். 18–55 வில்லையை 55க்கு நீட்டினால் அதன் மிகப் பெரிய துவாரம் பொதுவாக எஃப் 5.6 ஆகும். எஃப் 1.8 துவாரமோ அதனிலும் ஒன்பது மடங்குக்கு மேற்பட்ட ஒளியை உள்ளே விடும். 1/15 செக்கன் வேண்டிய இடத்தில் 1/125 செக்கனே போதும். மணவறையின் முன்னும், விளக்கொளியிலும் இந்த வேற்றுமை பெரிது.

ஆனால், அந்த நன்மைக்கு ஒரு விலையும் உண்டு. துவாரம் அகல அகலத் தெளிவின் ஆழம் குறுகும். சிறிய உணரிக் கமராவில் 50 மில்லிமீற்றர் வில்லையை எஃப் 1.8இல் வைத்து 2 மீற்றர் தூரத்தில் ஒருவரை எடுத்தால், தெளிவாக இருப்பது முன்பின்னாக ஏறக்குறைய 11 சென்ரிமீற்றர் மாத்திரமே. 1 மீற்றருக்கு அணுகினால் அது 3 சென்ரிமீற்றரிலும் குறையும். கண் தெளிந்து காது மங்கும். புதிய வில்லை வாங்கியபின் முன்னிலும் மங்குகின்றதே என்று பலர் வருந்துவது இதனாலேயே. ஒருவர் பின் ஒருவராக நிற்கும் குடும்பப் படத்துக்கு எஃப் 5.6 அல்லது எஃப் 8 ஏற்றது.

வாங்குமுன் பொருத்தம் பார்ப்பதும் அவசியம். கனனின் இ.எஃப்.–எஸ். வில்லைகள் சிறிய உணரிக் கமராக்களுக்கு மாத்திரமே உரியவை, இ.எஃப். வில்லைகள் கனனின் இருவகை டீ. எஸ். எல். ஆர். கமராக்களுக்கும் பொருந்தும். நிக்கோனின் டீ 3000, டீ 5000 வரிசைக் கமராக்களுக்குள் குவிய மோட்டார் இல்லை. பழைய ஏ.எஃப்.–டீ. வில்லையை அவற்றில் பூட்டலாம். ஆனால் குவியத்தைக் கையால் திருப்பியே சரிசெய்யவேண்டும். ஏ.எஃப்.–எஸ். வகை வில்லைகளில் மோட்டார் உள்ளேயே இருக்கின்றது. இதனை அறியாது பழைய வில்லையை மலிவென்று வாங்கி, பழுதென்று எண்ணி ஒதுக்குவோர் உளர்.

மங்கலின் நான்கு முகங்கள்

இனி, மங்கிய படம் ஒன்றைக் கணினியில் முழு அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள். மங்கல் எல்லாம் ஒரே வகையன்று.

முழுப் படமும் மங்கி, விளக்கின் ஒளிப்புள்ளிகள் ஒரே திசையில் கோடாக இழுபட்டிருந்தால், அது கை நடுக்கம். குவியத் தூரத்தை 1.5 அல்லது 1.6ஆல் பெருக்கி, வரும் எண்ணின் பங்கு செக்கனிலும் மெதுவாக எடுக்காதிருத்தல் பழைய விதி. 200 மில்லிமீற்றருக்கு 1/320 செக்கனளவு வேண்டும். நடுக்கந் தணிக்கும் வில்லையாயின் இதனிலும் மெதுவாக எடுக்கலாம்.

சுவரும் கதிரையும் தெளிவாக இருக்க, ஓடும் பிள்ளை மாத்திரம் மங்கியிருந்தால், அது பொருளின் அசைவு. நடுக்கந் தணிப்பு இதற்கு உதவாது. வேகத்தைக் கூட்டுவதே வழி, அதற்காக ஐ. எஸ். ஓ. எண்ணை உயர்த்தத் தயங்கவேண்டாம். சிறிது மணல் படிந்த படத்தைப் பார்க்கலாம். இழுபட்ட முகத்தைப் பார்க்க முடியாது.

மணமகளின் முகம் மங்கி, பின்னாலுள்ள சோடனைப் பூக்கள் தெளிந்திருந்தால், குவியம் இடம் மாறியுள்ளது. முழுப் படத்திலும் மெல்லிய புகார் படிந்தாற்போல் இருந்தால், வில்லையின் முன்னோ உள்ளோ அழுக்கு, ஈரம், பூஞ்சணம் என்பவற்றுள் ஒன்று இருக்கின்றது. மலிவான வடிகண்ணாடி பூட்டியிருப்பின் அதனைக் கழற்றிவிட்டு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

குவியம் தவறும் இடங்கள்

குவியம் இடம் மாறுவதற்கு முதற் காரணம், குவியப் புள்ளியைத் தெரிவுசெய்யும் பொறுப்பைக் கமராவிடமே விட்டுவிடுதல். அது பெரும்பாலும் தனக்கு அண்மையில் உள்ளதையே பற்றும். முகத்துக்கு முன் நீட்டிய தாம்பாளமே அதற்குப் போதும். ஒரு புள்ளியை மாத்திரம் நாமே தெரிந்து, நம்மை நோக்கி அண்மையிலுள்ள கண்ணில் வைக்கவேண்டும். அசையாதவருக்குக் கனனில் வன் ஷொட் முறையும் நிக்கோனில் ஏ.எஃப்.–எஸ். முறையும், ஓடுவோருக்கு ஏ.ஐ. சேர்வோ, ஏ.எஃப்.–சீ. முறைகளும் ஏற்றவை.

வில்லை முன்னும் பின்னும் அலைந்து எங்கும் நில்லாதிருப்பதும் உண்டு. வெறும் வெள்ளைச் சுவரிலும் மங்கல் ஒளியிலும் ஒப்பிடுவதற்கு வேறுபாடு இல்லாமையே காரணம். சேலைக் கரை, சட்டை ஓரம் போன்ற வேறுபாடுள்ள விளிம்பில், அதே தூரத்தில், புள்ளியை வைத்தால் அது நிற்கும். மிக அருகே சென்றாலும் இவ்வாறே நேரும். ஒவ்வொரு வில்லைக்கும் அணுகக்கூடிய ஓர் எல்லைத் தூரம் உண்டு. வில்லை அசையவே இல்லையாயின், அதன் பக்கத்திலுள்ள சிறு விசை கைமுறைக்குத் தள்ளப்பட்டிருக்கின்றதா என்று பாருங்கள்.

கண் வைக்கும் சாளரத்தில் யாவும் மங்கி, எடுத்த படம் தெளிவாக இருப்பின் கமராவில் பிழையில்லை. சாளரத்தின் அருகிலுள்ள சிறு சக்கரத்தைத் திருப்பி, உள்ளே தெரியும் எண்கள் நமது கண்ணுக்குத் தெளியுமாறு வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் வேறொருவர் கமராவை எடுத்திருந்தால் இது பெரும்பாலும் மாறியிருக்கும்.

வீட்டிலேயே ஒரு பரிசோதனை

இவை யாவும் சரியாக இருந்தும் குவியம் தவறினால், முன்னர் நாம் சொன்ன தூர வேற்றுமையை ஐயுறலாம். அதனைக் கண்டறிய ஐந்து தீப்பெட்டிகள் போதும். நல்ல வெளிச்சத்தில், மேசைமீது ஒன்றுக்குப்பின் ஒன்று 2 சென்ரிமீற்றர் விலகிப் பின்செல்லுமாறு சாய்வரிசையில் நிறுத்துங்கள். கமராவை முக்காலியில் பூட்டி, துவாரத்தை முழுவதும் திறந்து, நடுப் பெட்டியில் புள்ளியை வையுங்கள். நடுக்கம் நேராதிருக்க 2 செக்கன் தாமத முறையைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு முறையும் குவியத்தைக் கலைத்துவிட்டு, சாளரத்தினூடாகப் பார்த்து ஐந்து படங்கள் எடுங்கள். பின்னர், பின்திரையில் காட்சியைக் காட்டும் லைவ் வியூ முறையில் ஐந்து எடுங்கள். லைவ் வியூ முறையில் ஆடி மேலெழுந்து நிற்பதால், படவுணரியே குவியத்தைப் பார்க்கின்றது.

பின்திரைப் படங்கள் தெளிந்து, சாளரப் படங்களில் எப்போதும் முன்பெட்டியோ பின்பெட்டியோ மாத்திரம் தெளிந்தால், கமராவும் வில்லையும் ஒன்றுக்கொன்று இசையவில்லை என்பது முடிவு. கனன் 7டீ, நிக்கோன் டீ 7000 போன்ற கமராக்களில் இதனைத் திருத்தும் நுண்சீராக்க வசதி உண்டு. அது இல்லாதவற்றைத் திருத்துநரிடம் கொடுக்கவேண்டும். அதுவரை அசையாப் பொருள்களைப் பின்திரையில் பார்த்தே எடுக்கலாம். இரு முறையிலும் படம் மங்கினால்தான் வில்லைமீது குற்றஞ் சாட்டலாம். ஒருமுறை தெளிந்து மறுமுறை மங்கினால், புள்ளி வைத்த இடத்தையும் வெளிச்சத்தையும் மீண்டும் நோக்குங்கள்.

ஈரமும் பூஞ்சணமும்

நமது நாட்டின் ஈரக் காற்று வில்லைக்குப் பகை. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் வில்லையில் நீராவி படியும், துடைத்துப் பயனில்லை. பையைத் திறவாமலே சிறிது நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டு எடுக்கவேண்டும். தோற்பையும் துணிப்பையும் ஈரத்தைப் பிடித்து வைப்பவை. காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் இட்டு வைப்பதே மலிவான காப்பு. பாவித்த வில்லை வாங்குவோர், அதன் ஒரு பக்கத்தில் மின்சூளை அடித்து மறு பக்கத்தால் பார்க்கவேண்டும். சிலந்தி வலைபோன்ற இழைகள் தெரிந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

தெரிந்து செய்யும் மங்கல்

மங்கல் எப்போதும் பிழைதானா? ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கிலப் பெண்மணிக்கு 1863ஆம் ஆண்டு, அவரது 48ஆம் வயதில், மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாக அளித்தனர். அவர் எடுத்த முகப் படங்கள் மென்மையாக மங்கியிருந்தமைக்காக அக்காலத்து வல்லுநர் பலர் அவரை எள்ளினர். வில்லையைத் திருப்புகையில் எவ்விடத்தில் அழகு தோன்றியதோ அவ்விடத்திலேயே நிறுத்தியதாக அவர் எழுதி வைத்தார். அப்படங்கள் இன்று இலண்டனிலுள்ள விக்ரோறியா அல்பேட் அரும்பொருட்சாலையில் போற்றப்படுகின்றன. 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே மறைந்த அவரது கல்லறை பொகவந்தலாவைத் தேவாலயத்தில் உள்ளது.

எங்கே நிறுத்துவது என்பதை அவர் தாமே தீர்மானித்தார். நாம் வேண்டுவதும் அந்த உரிமையையே. அடுத்த வில்லைக்குப் பணம் சேர்க்குமுன், கையிலுள்ள வில்லையின் எல்லையை அறிந்துகொள்ளுங்கள். தீப்பெட்டிப் பரிசோதனைக்கு ஒரு ஞாயிறு மாலை போதும். அதன்பின், வீட்டிலுள்ள முதியவரை நல்ல வெளிச்சமுள்ள சாளரத்தருகே இருத்தி, புள்ளியை அவரது கண்ணில் வைத்து ஒரு படம் எடுங்கள். அதனை அச்சிட்டு வீட்டில் ஒரு பிரதி வையுங்கள். தூரத்திலுள்ள உறவினருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.