தாத்தா ஏன் படியில் தடுமாறுகிறார்?

மாணவர்களே, ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதற்கு வலப்பக்கம் 8 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். இடக் கண்ணை மூடிக்கொண்டு, வலக் கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். தாளை மெல்ல முகத்தருகே கொண்டுவாருங்கள். ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தூரத்தில் புள்ளி காணாமல் போய்விடும்!

அது போன இடத்தில் ஓட்டை ஏதும் தெரிகிறதா? இல்லை, வெள்ளைத் தாள்தான் தெரிகிறது. பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. அங்கே விழும் காட்சி நமக்குத் தெரியாது. ஆனால் மூளை சும்மா இருப்பதில்லை. சுற்றியுள்ள நிறத்தைக் கொண்டு அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது.

இந்தச் சோதனையை நினைவில் வையுங்கள். கிளாக்கோமா எனப்படும் கண்ணழுத்த நோய் பல ஆண்டுகள் ஒளிந்திருப்பதற்கு மூளையின் இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

கண்ணுக்குள் ஒரு வடிகால்

நம் கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று சுரந்துகொண்டே இருக்கிறது. இது கண்ணீர் அல்ல. கண்ணுக்குள்ளேயே சுற்றி வந்து, ஓரத்திலுள்ள நுண்ணிய சல்லடை வழியாக வெளியேறும். வீட்டுக்குப் பின்னாலுள்ள கால்வாயில் இலை அடைத்தால் தண்ணீர் தேங்குகிறதல்லவா? அதுபோலச் சல்லடை சரியாக வேலை செய்யாவிட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். பொதுவாக இந்த அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும்.

அழுத்தம் ஏறினால் பாதிக்கப்படுவது பார்வை நரம்பு. அதில் சுமார் 10 லட்சம் நார்கள் உள்ளன. அவை கொஞ்சம் கொஞ்சமாக அழியும். அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. சிலருக்கு அழுத்தம் இயல்பாக இருந்தும் நரம்பு கெடுவதுண்டு. அதனால்தான் மருத்துவர் அழுத்தத்தை மட்டும் அளக்காமல், நரம்பையும் பக்கப் பார்வையையும் சோதிக்கிறார்.

பெரும்பாலும் நடுப் பார்வை கடைசிவரை நன்றாகவே இருக்கும். நாளிதழ் படிக்கலாம், முகங்களை அடையாளம் காணலாம். எனவே, "எனக்குக் கண் நன்றாகத்தானே தெரிகிறது!" என்பார் தாத்தா. அவர் பொய் சொல்லவில்லை. இழந்தது என்ன என்பது அவருக்கே தெரியாது.

15 கேள்விகள்

இந்த நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்க 'ஜி.க்யூ.எல்.-15' என்ற கேள்வித்தாள் உண்டு. அதில் 15 கேள்விகள். இருட்டிய பிறகு நடக்கச் சிரமமா? வெளிச்சத்திலிருந்து இருண்ட அறைக்குள் போனால் கண் பழக நேரமாகிறதா? பொருள்களில் இடித்துக்கொள்கிறீர்களா? படியின் உயரம் பிடிபடுகிறதா? கீழே விழுந்த பொருளைத் தேடி எடுக்க முடிகிறதா? சாலையைக் கடக்க முடிகிறதா?

இந்தக் கேள்விகளை நம் கெடா மாநிலத்துக்குக் கொண்டுவாருங்கள். பீடோங், பாடாங் செராய், லூனாஸ் பக்கத்துத் தோட்டங்களில் விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் மரம் வெட்டியவர்கள் நம் பெரியவர்கள். பழகிய பாதையில் கால் தானாகப் போகும். பார்வை குறைந்தாலும் தெரியாது. பழைய லயத்திலிருந்து சுங்கைப்பட்டாணியில் மாடி வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் படி தடுக்கும். பக்கத்தில் வரும் மோட்டார் சைக்கிள் திடீரென்று முளைத்தது போல இருக்கும்.

விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போவதைக் குறைத்துக்கொள்வார்கள். "வயதாகிவிட்டது" என்று வீட்டிலிருப்பவர்களும் விட்டுவிடுவார்கள். இந்த நோய் பார்வையோடு சேர்த்து மனிதத் தொடர்பையும் குறைக்கிறது.

எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது?

2001ஆம் ஆண்டு தொடங்கி, சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் சென்னை நகரிலும் அருகிலுள்ள கிராமங்களிலும் 40 வயதைத் தாண்டியவர்களைச் சோதித்தார்கள். இந்நோயின் மிகப் பரவலான வகை இருந்தவர்களில் 100க்கு 90 பேருக்கும் மேல், தங்களுக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது. உலகளவில் 2020இல் 7 கோடியே 60 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கும் என்று சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2014இல் கணித்தார்கள்.

போன பார்வையைத் திருப்பித் தர மருந்தில்லை. இருப்பதைக் காக்க முடியும். சொட்டு மருந்து, லேசர், அறுவை சிகிச்சை மூன்றுமே அழுத்தத்தைக் குறைப்பதற்குத்தான். சிக்கல் என்னவென்றால், மருந்து போட்டதும் பார்வை தெளிவடைவதில்லை. சில சமயம் கண் எரியவும் செய்யும். "பயனில்லை" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். நரம்பு மறுபடி அழியத் தொடங்குகிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில், கேளுங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால் மற்றவர்களுக்கும் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடும். 40 வயதைத் தாண்டியவர்களையும் நீரிழிவு உள்ளவர்களையும் கண் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசாங்க மருத்துவமனையின் கண் பிரிவுக்குச் செல்ல, சுகாதாரக் கிளினிக்கில் கடிதம் கேட்கலாம்.

சொட்டு மருந்து போட உதவுங்கள். ஒரு சொட்டு போதும். பிறகு கண்ணை மூடி, மூக்கோரத்தை இரண்டு நிமிடம் மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். இரண்டாவது மருந்து இருந்தால் ஐந்து நிமிடம் பொறுங்கள். ஆஸ்துமா உள்ளவர் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சில சொட்டுகள் மூச்சுத்திணறலைத் தூண்டும். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மருத்துவர் சொல்லாமல் வாங்கிப் போடுவது ஆபத்து. அதுவே கண்ணழுத்தத்தை ஏற்றிவிடும்.

வீட்டையும் கவனியுங்கள். படி விளிம்புகளில் மஞ்சள் நாடா ஒட்டுங்கள். நடைபாதையில் செருப்பும் வாளியும் கிடக்க வேண்டாம். இரவில் சிறிய விளக்கொன்று எரியட்டும். பார்வை மிகவும் குறைந்தவர்கள் சமூகநலத் துறையில் ஓ.கே.யு. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 1926இல் தொடங்கப்பட்டு இன்று பினாங்கில் இயங்கும் செயின்ட் நிக்கலஸ் இல்லம், பார்வைக் குறைபாடுள்ளவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறது.

ஒரு எச்சரிக்கை: திடீரென்று கண் சிவந்து, கடுமையாக வலித்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, வாந்தியும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது இந்நோயின் அவசர வகையாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி தாத்தா மேசையில் இடித்துக்கொண்டால், "கண் தெரியவில்லையா?" என்று சிரிக்காதீர்கள். தாளில் காணாமல் போன அந்தப் புள்ளியை நினைத்துக்கொண்டு, அதே கேள்வியை அக்கறையோடு கேளுங்கள்.