முப்பது பாயிண்ட் அடிச்சவன் எல்லாம் நல்ல பிளேயரா?

மண்டலப் போட்டி முடிந்த அன்று சாயங்காலமே ஸ்டேட்டஸில் ஸ்கோர் ஷீட் போட்டோ வந்துவிடும். ஒரே ஆள் 30 பாயிண்ட். கீழே நாலு நெருப்பு எமோஜி. நாமும் ஒரு ஹார்ட் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். அடுத்த தடவை கொஞ்சம் நின்னு ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: எதிரில் ஆடியது யார்?

கடத்தூர், பொம்மிடி, அரூர் பக்கமிருந்து வந்து படிக்கிற நமக்குக் கிரவுண்டு நிலவரம் தெரியும். சிமெண்ட் தரை, வலை கிழிந்த வளையம், எல்லா விளையாட்டுக்கும் ஒரே பி.டி. சார். எதிர் டீமில் பாதிப் பேர் போன மாசம்தான் பந்தைத் தட்டக் கத்துக்கிட்டவங்களா இருப்பாங்க. அந்த 30-ஐ எவ்வளவுன்னு எடுத்துக்கறது? அப்படியே நம்பினா ஏமாந்துடுவோம். "சின்ன காலேஜ் ஸ்கோர்தானே"ன்னு தள்ளினா, நிஜமாவே திறமை உள்ள ஒருத்தரைத் தவற விட்டுடுவோம். கம்பெனிக்காரங்க காலேஜ் பேரைப் பார்த்தே ரெஸ்யூமை ஒதுக்கி வைக்கிறப்ப நமக்கு வருகிற அதே எரிச்சல்தான் அந்தப் பையனுக்கும் வரும்.

இந்தத் தலைவலியைக் காசு கொடுத்துத் தீர்க்கப் பார்க்கிறவங்க அமெரிக்காவின் என்பிஏ அணிகள். அங்கே வருஷத்துக்கு ஒரு டிராஃப்ட். 30 அணிகள் முறை வைத்து, இரண்டு சுற்றில் சுமார் 60 பேரை எடுப்பாங்க. முதல் நிலைக் கல்லூரி அணிகள் மட்டுமே 350-க்கு மேல். பெரிய கல்லூரிப் பையன்கள் ஒருத்தரோட ஒருத்தர் மோதுவதால் அவங்களை ஒப்பிடுவது சுலபம். சின்னக் கல்லூரி ஆளோ வருஷம் முழுக்கச் சின்ன அணிகளோடயே ஆடிக்கிட்டிருப்பான்.

அதிலும் கஷ்டம் கார்டு நிலையில் ஆடுகிறவரை எடை போடுவது. கார்டுன்னா பந்தைத் தட்டிக் கொண்டு போய் ஆட்டத்தை நடத்துகிறவர். சென்டர் நிலைக்கு உயரமே பாதி விசிட்டிங் கார்டு. பஞ்சாபில் பல்லோ கே என்கிற கிராமத்தில் பிறந்த ஏழடி ரெண்டங்குல சத்னாம் சிங்கை உலகமே கண்டுபிடித்தது; 2015-ல் டல்லாஸ் அணி 52-ஆவது ஆளாக எடுத்தது. (என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட ஆடக் கிடைக்கலை என்பது வேற கதை.) ஆறடி ரெண்டங்குல கார்டு ஊருக்கு நூறு பேர் இருப்பாங்க. அவரை நம்பணும்னா ஆட்டத்தைத்தான் பார்க்கணும். அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கு: சின்ன டீமில் வேற ஆள் இல்லாததால் பந்து முழுக்க இவர் கையில்தான் இருக்கும். 25 தடவை எறிந்தால் பாயிண்ட் எப்படியும் ஏறும்.

சும்மா சொல்லலை. 2016-17 சீசனில் அமெரிக்கக் கல்லூரிகளிலேயே அதிகமா ஆட்டத்துக்குச் சராசரி 30 பாயிண்ட் அடித்தவர் சென்ட்ரல் மிச்சிகனின் மார்கஸ் கீன். உயரம் ஐந்தடி ஒன்பது. எந்த அணியும் எடுக்கலை. டெட்ராய்ட் மெர்சியின் ஆன்டுவான் டேவிஸ் ஐந்து சீசன் ஆடி 3,664 பாயிண்ட் குவித்தார். பீட் மராவிச்சின் காலங்காலமான சாதனைக்கு இன்னும் மூணே பாயிண்ட் பாக்கி. 2023 டிராஃப்டில் அவர் பேரையும் யாரும் கூப்பிடலை.

ஆனா வீபர் ஸ்டேட்டுன்னு யூட்டா மாநிலத்தில் ஒரு கல்லூரி. கூடைப்பந்து பார்க்கிறவங்களே "அது எங்க இருக்கு?"ன்னு கேட்பாங்க. அங்கிருந்து 2012-ல் டேமியன் லில்லார்டை போர்ட்லேண்ட் ஆறாவது ஆளாக எடுத்தது. அடுத்த வருஷம் சிறந்த புதுமுகம் விருது, அதுவும் ஒருமனதாக. கல்லூரியில் கடைசி சீசனில் அவருடைய சராசரி 24.5, கீனைவிடக் கம்மி. அப்போ இவரிடம் எதைப் பார்த்தாங்க?

என் கணிப்பில் பதில் இதுதான்: எதிராளி யாராக இருந்தாலும் மாறாத திறமை எது, எதிராளி மோசமாக இருந்ததால் மட்டும் கிடைத்தது எது என்று பிரிக்கணும். பாயிண்ட் ரெண்டாவது வகை. பிரீ த்ரோ முதல் வகை. 15 அடி தூரம், முன்னாடி யாரும் கிடையாது, வளையம் பத்தடி உயரம். சின்ன ஊரிலும் அதே, லாஸ் ஏஞ்சல்ஸிலும் அதே. கடைசி சீசனில் லில்லார்ட் பிரீ த்ரோவில் 88.7 சதவீதம், மூணு பாயிண்ட் எறிதலில் 40.9 சதவீதம். வீபர் ஸ்டேட்டை எதிர்த்தவங்க எவ்வளவு சொத்தையா இருந்தாலும் பிரீ த்ரோ எண்ணை அவங்களால் ஏற்றியிருக்க முடியாது. அதனால்தான் ஸ்கவுட்டுகள் மூணு பாயிண்ட் சதவீதத்தோட பிரீ த்ரோவையும் சேர்த்துப் பார்க்கிறாங்க. கல்லூரியில் இருந்து என்பிஏ போகும்போது மூணு பாயிண்ட் கோடு கொஞ்சம் பின்னால் போகும். கை சுத்தமா இருக்கிறவனுக்கு அந்தத் தூரம் பழகிடும்.

உடம்பும் அப்படித்தான். உயரம், கை நீளம், முதல் எட்டு வைக்கிற வேகம் எதுவும் எதிராளியால் மாறாது. கீன் விழுந்தது இங்கேதான். பந்து கையில் இல்லாத நேரம் அவரைவிட அரையடி உயரமானவனை அவர் தடுத்தாகணும். தொழில்முறை அணிகளுக்கு ஈவிரக்கமே கிடையாது, பலவீனமான ஒரு ஆளைக் கண்டுபிடிச்சா ஒவ்வொரு தடவையும் அவன் மேலயே ஆட்டத்தை ஓட்டுவாங்க.

இன்னொரு வழி, மேல் தட்டு டீமோட மோதின சில ஆட்டங்களைத் தேடி எடுப்பது. டேவிட்சன் கல்லூரியில் மொத்த மாணவர்களே சுமார் ரெண்டாயிரம் பேர். 2008 தேசியப் போட்டியில் அந்த அணிக்காக ஸ்டெஃப் கரி கொன்சாகாவோட 40, ஜார்ஜ்டவுனோட 30, விஸ்கான்சினோட 33 அடித்தார். மூணுமே இவங்களைவிடப் பெரிய டீம். அடுத்த வருஷம் டிராஃப்டில் ஏழாவது ஆள். 2012-ல் லீஹைன்னு ஒரு கல்லூரி (நம்மைப் போல இன்ஜினியரிங்குக்குப் பேர் போனது) டியூக்கையே 75-70 என்று சாய்த்தது, சி.ஜே. மெக்காலம் 30 பாயிண்ட். ஆனா ஒரு ராத்திரி ஆட்டத்தை வைத்து மட்டும் ஆளை எடுத்தா அது லாட்டரி. மெக்காலம் அதுக்கு முன்னாடி ரெண்டு சீசனாக அப்படியே ஆடியவர் என்பதால்தான், கடைசி வருஷம் பாதியில் கால் எலும்பு உடைந்து உட்கார்ந்தபோதும் பத்தாவது ஆளாகப் போனார்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்கே கூடைப்பந்துக்கு டிராஃப்ட் கிடையாது. கிரிக்கெட்டுக்கு இருந்தது. 2016-ல் டிஎன்பிஎல் தொடங்கியபோது ஏலம் இல்லை, டிராஃப்ட் முறைதான். ஏலம் வந்தது 2023-ல். அந்த முதல் டிராஃப்டில் திண்டுக்கல் அணிக்குப் போனவர் பக்கத்து மாவட்டக்காரர், சேலம் சின்னப்பம்பட்டி தங்கராசு நடராஜன்.

அவருடைய பயோடேட்டாவை ஸ்கவுட் கண்ணோடு பாருங்க. இருபது வயசு வரைக்கும் பெரும்பாலும் டென்னிஸ் பந்து. அப்புறம் சென்னைக்கு வந்து நான்காம் டிவிஷன் லீக். 2015 ஜனவரியில் ரஞ்சி அறிமுகம், உடனே பந்துவீச்சு முறை மேல் சந்தேகம், அதைத் திருத்திக்கொண்டு திரும்பவே ஒரு வருஷத்துக்கு மேல். எண்களை மட்டும் பார்த்தால் தூக்கிப் போட வேண்டிய ஃபைல். ஆனா அவரிடம் யார்க்கர் இருந்தது. டென்னிஸ் பந்தில் சுற்றுகிறவனை அடக்க வேற வழி கிடையாது, காலடியில் குத்தணும். வருஷக்கணக்கா குத்திப் பழகின கை அது. பிட்ச் சின்னப்பம்பட்டியிலும் 22 கெஜம், அபுதாபியிலும் 22 கெஜம். லில்லார்டுக்குப் பிரீ த்ரோ எப்படியோ, இவருக்கு யார்க்கர் அப்படி. டிஎன்பிஎல் சூப்பர் ஓவர் ஒன்றில் அதை வரிசையாக இறக்கிக் காட்டியபோது வீடியோவும் கிடைத்துவிட்டது.

2017 ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் அணி 3 கோடி கொடுத்தது. உள்நாட்டுக் கிரிக்கெட் அதிகம் ஆடாதவனுக்கு இவ்வளவா என்று தன்னைப் பலரும் கேட்டதாக அப்போது அந்த அணியில் இருந்த சேவாக் பிற்பாடு சொன்னார். அவர் நம்பியது டிஎன்பிஎல் வீடியோவையும், கூட ஆடிய தமிழ்நாட்டு வீரர்கள் சொன்னதையும். அந்த சீசனில் 6 ஆட்டம், 2 விக்கெட். அடுத்த ஏலத்தில் ஹைதராபாத் வாங்கிய விலை 40 லட்சம். ரெண்டு வருஷம் பெஞ்ச். 2020-ல் 16 ஆட்டத்தில் 16 விக்கெட். எலிமினேட்டரில் டிவில்லியர்ஸின் ஸ்டம்பை யார்க்கரில் பெயர்த்தார். நெட் பவுலராக ஆஸ்திரேலியா போனவர் ஒரே பயணத்தில் மூன்று வடிவத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். 2025 ஐபிஎல்லுக்கு டெல்லி கொடுத்தது 10.75 கோடி.

10 லட்சம், 3 கோடி, 40 லட்சம், 10.75 கோடி. இந்த விலை எல்லாமே அந்த ஒரே யார்க்கருக்குத்தான். மாறினது உடம்பு, அனுபவம், பார்க்கிறவங்க மூடு. திறமையைச் சரியாகக் கணித்தவங்ககூட அது பழுக்கிற காலத்தைத் தப்பாகக் கணிக்கலாம் என்பது எனக்கு இதில் பிடிச்ச விஷயம். பஞ்சாப் காய் பறித்தது, ஹைதராபாத் பழம் சாப்பிட்டது.

என் அளவுகோலுக்கு ஒத்துவராத ஆளும் உண்டு. வருண் சக்கரவர்த்தி, ஆர்க்கிடெக்சர் படிச்சவர். நான்காம் டிவிஷனில் 7 ஆட்டத்தில் 31 விக்கெட், 2018 டிஎன்பிஎல்லில் கலக்கல், ஏலத்தில் 8.4 கோடி. ஐபிஎல்லில் அவர் போட்ட முதல் ஓவரிலேயே 25 ரன். பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று எதிராளிக்குத் தெரியாததே அவர் பலம்; அப்படின்னா அது எதிராளியைப் பொறுத்த திறமை, மேலே போனால் கரையணும். முதல் வருஷம் அப்படித்தான் நடந்தது. ஆனா அவர் பந்துவீச்சையே மாற்றிக்கொண்டு திரும்பி வந்து, 2025 சாம்பியன்ஸ் டிராபியில் நியூசிலாந்தின் 5 விக்கெட்டை எடுத்தார். கத்துக்கிற வேகத்துக்கு ஸ்கோர் ஷீட்டில் கட்டம் இல்லை.

தமிழ்நாட்டில் ஒரு கார்டுக்கு "தொழில்முறை"ன்னா பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைதான்: இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தெற்கு ரயில்வே, வருமான வரித்துறை மாதிரி அணிகள். அங்கே ட்ரையலுக்குப் போனா எதிரில் நிற்கிறவங்க மாநில அணி ஆட்கள். நம்ம 30 பாயிண்டை அங்கே யாரும் கேட்க மாட்டாங்க. அதனால உங்க டீமில் அப்படி ஒருத்தர் இருந்தா, இந்த சீசன் முழுக்க ஒரு நோட்டில் வேற மாதிரி கணக்கு எழுதுங்க. பிரீ த்ரோ எத்தனைக்கு எத்தனை. எத்தனை எறிந்து அந்த 30. பந்தை எத்தனை தடவை பறிகொடுத்தார், முக்கியமா ரெண்டு பேர் சேர்ந்து மறிக்கும்போது. அவர் தடுக்க வேண்டிய ஆள் எவ்வளவு அடிச்சான். சென்னை, கோவையின் பெரிய காலேஜோட தோற்ற ஆட்டம் இருந்தா அதைத் தனியா எழுதி வைங்க. நோட்டிலேயே மதிப்பான பக்கம் அதுதான்.

வீடியோ எடுத்தா பாட்டு போட்டு வெட்டி ஒட்டின ரீல்ஸ் வேண்டாம், முழு ஆட்டம் எடுங்க. மொபைலைப் போஸ்ட்டுக்குப் பின்னாடி வைக்காம, நடுக்கோட்டுக்கு நேரா மாடிப்படி மாதிரி கொஞ்சம் உயரமான இடத்தில் வைங்க. அப்பதான் அவர் எறிந்தது மட்டுமில்லாம, எறியாம யாருக்குப் பாஸ் கொடுத்தார் என்பதும் தெரியும்.