மூழ்கிய பிறகும் வேலைக்குப் போன கப்பல்

1965ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்திலுள்ள பிராவிடன்ஸ் துறைமுகத்துக்கு ஒரு பாய்மரக் கப்பல் வந்து சேர்ந்தது. அட்லாண்டிக்கைத் தாண்ட ஜெட் விமானத்துக்குச் சில மணி நேரம் போதும் என்றாகிவிட்ட காலம் அது. கப்பலில் வந்தவர்கள், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் கிடக்கும் கேப் வெர்டே தீவுகளிலிருந்து குடியேற வந்தவர்கள். வழக்கமான போக்குவரத்தாகப் பாய்மரக் கப்பலேறி அமெரிக்காவில் குடியேற வந்த கடைசிக் கூட்டம் அவர்களே. அவர்களைச் சுமந்துவந்த எர்னஸ்டினா என்ற ஸ்கூனர் வகைக் கப்பலுக்கு அப்போது வயது 71.

அது கட்டப்பட்ட காலத்து மரக் கப்பல் இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்தாலே பெரிய காரியம். புயலில் உடையும், பாறையில் மோதும், தப்பினால் உளுத்துப்போகும். எர்னஸ்டினா எப்படிப் பிழைத்தது? விடையில் பாதி அதன் பாய்களில் இருக்கிறது, மீதி அதை வைத்திருந்த மனிதர்களிடம்.

அது பிறந்தபோது பெயர் எஃபி எம். மாரிசி. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் எசெக்ஸ் என்ற சிற்றூரில் 1894 பிப்ரவரியில் கடலில் இறக்கினார்கள். தன் மகளின் பெயரைக் கப்பலுக்கு வைத்தார் முதல் கேப்டன் வில்லியம் மாரிசி. எசெக்ஸில் ஓடுவது ஒரு சிறு ஆறுதான். அதன் கரையில், தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தில் வளர்ந்த தச்சர்கள் ஆயிரக்கணக்கான கப்பல்களைக் கட்டினார்கள். பக்கத்திலுள்ள குளோஸ்டர் துறைமுகத்தின் மீன்பிடிக் கப்பல்களில் பெரும்பாலானவை அங்கே பிறந்தவை. (குளோஸ்டருக்குத் தமிழ்க் கப்பல் ஒன்றும் போயிருக்கிறது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணியை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். நம் மாலுமிகள் ஓட்டிச்சென்ற அந்தக் கப்பல் 1938இல் அங்கே நங்கூரமிட்டது.)

கப்பலின் முதல் வேலை காட் மீன் பிடிப்பது. நியூபவுண்ட்லாந்துக்குத் தென்கிழக்கே கிராண்ட் பாங்க்ஸ் என்ற ஆழம் குறைந்த கடல்மேடு உண்டு. அங்கே போய் நின்றதும், தளத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கும் டோரி என்ற தட்டையடிப் படகுகளை இறக்குவார்கள். ஆட்கள் அவற்றில் ஏறி, நூற்றுக்கணக்கான தூண்டில்கள் கட்டிய நீளக் கயிறுகளை விரிக்கப் போய்விடுவார்கள். ஸ்கூனரில் மிஞ்சுவது கேப்டனும் சமையல்காரரும் மட்டும். நூறடிக்கு மேல் நீளமான கப்பலை அந்த இருவரே பாய் பிடித்து ஓட்டி, மூடுபனியில் டோரிகள் தொலைந்துவிடாமல் காத்துக்கொண்டிருப்பார்கள்.

இருவரால் எப்படி முடிந்தது என்பதில்தான் ஸ்கூனரின் அருமை இருக்கிறது. பழைய பெருங்கப்பல்களில் சதுரப் பாய்கள் கப்பலுக்குக் குறுக்கே, உயரத்திலுள்ள பருமல் என்ற குறுக்குக் கட்டைகளில் தொங்கும். அவற்றைச் சுருட்டவும் விரிக்கவும் ஒரு கூட்டமே பாய்மரத்தில் ஏற வேண்டும். ஸ்கூனரின் முதன்மைப் பாய்களோ கப்பலின் நீளவாக்கில், முன்புறத்திலிருந்து பின்புறம் நோக்கி விரிகின்றன. பாயின் முன்விளிம்பு மரத்தோடு சேர்ந்திருக்கும். பின்விளிம்பு ஒரு கயிற்றின் கட்டுக்குள் இருக்கும். தளத்தில் நின்றபடியே கயிற்றை இழுத்தும் தளர்த்தியும் பாயைத் திருப்பிவிடலாம்.

காற்றும் இந்தப் பாயில் வேறு மாதிரி வேலை செய்கிறது. சதுரப் பாய் பெரும்பாலும் பின்காற்றின் தள்ளலை நம்பியிருப்பது. நீளவாக்குப் பாய் விமான இறக்கையின் இனம். காற்று அதன் வளைவை ஒட்டி இருபுறமும் ஓடித் திசை திரும்புகிறது. வெளிவளைவின் பக்கம் அழுத்தம் குறைகிறது. பாய் அந்தப் பக்கம் இழுக்கப்படுகிறது. இந்த இழுப்பில் பெரும்பங்கு கப்பலைப் பக்கவாட்டில் தள்ளத்தான் பார்க்கும். ஆனால் நீருக்கடியில் ஆழமாக இறங்கியிருக்கும் அடிமரம் பக்கவாட்டு நகர்வைத் தடுக்கிறது. தடுத்தது போக மிஞ்சும் விசை கப்பலை முன்னே செலுத்துகிறது. சதுரப் பாய்க் கப்பல் காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ 60 டிகிரி வரைதான் நெருங்கும். நல்ல ஸ்கூனர் 50 டிகிரிக்குள் போய்விடும். எதிர்காற்றில் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து முன்னேறும் கப்பலுக்கு இந்த வித்தியாசம் நாள்கணக்கில் லாபம். ஆளும் குறைவு, வேகமும் அதிகம். காலம் மாறிய பிறகும் ஸ்கூனருக்கு வேலை கிடைத்ததற்கு இதுவே காரணம்.

மரம் தாங்கியதற்கும் காரணம் உண்டு. மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைக்குக் கடல்நீர் ஆகாது, மழைநீர்தான் வேண்டும். எனவே கப்பலின் விலா மரங்களுக்கு இடையே உப்பைக் கொட்டி நிரப்பி வைப்பது அக்காலத் தச்சர்களின் வழக்கம். மேலிருந்து ஒழுகும் மழைநீர் உப்பைக் கரைத்து உவர்நீராகவே இறங்கும். இன்னொரு எதிரி கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது நீண்ட உடல் கொண்ட சிப்பி இனம். சிறு ஓடுகளால் மரத்தை அரவி உள்ளேயே குடியிருக்கும். அதற்கு எதிராக அடிப்பலகைக்கு மேல்பூச்சு பூசுவார்கள், அப்படியும் துளைத்துவிட்டால் பலகையை மாற்றுவார்கள். மரக் கப்பலில் எந்தப் பலகையையும் கழற்றி வேறு பொருத்தலாம். மூட்டுகளில் கலப்பற்று அடித்து இடுக்கை அடைத்தால் மறுபடி கடலுக்குத் தயார்.

நோவா ஸ்கோஷியாவிலும் பிறகு நியூபவுண்ட்லாந்திலும் கைமாறிய கப்பலை 1925இல் கேப்டன் பாப் பார்ட்லெட் வாங்கினார். வடதுருவப் பயணங்களில் ராபர்ட் பியரியின் கப்பலை ஓட்டியவர் இவர். 1914இல் கார்லுக் என்ற கப்பல் பனியில் நசுங்கி மூழ்கியபோது, கடக்டோவிக் என்ற இனுயிட் வேட்டைக்காரரோடு பனிமீது நூற்றுக்கணக்கான மைல் நடந்து சைபீரியாவை அடைந்து, எஞ்சியவர்களுக்கு உதவி வரச் செய்தவர். ஸ்கூனரில் எஞ்சின் பொருத்தி, 1926 முதல் 1945 வரை ஆண்டுதோறும் ஆர்க்டிக் கடலுக்குப் போனார். அருங்காட்சியகங்களுக்காக விலங்குகளையும் தாவரங்களையும் சேகரித்தார். கட்டணம் செலுத்தி மாலுமிகளாக வந்த இளைஞர்களுக்குக் கடலைக் கற்றுக்கொடுத்தார். 1940இல் அந்த ஸ்கூனர் வடதுருவத்துக்கு 600 மைலுக்கும் குறைவான தூரம் வரை சென்றது. உலகப் போரின்போது அமெரிக்க அரசுக்காக கிரீன்லாந்துக் கடல்களில் அளவைப் பணியும் செய்தது.

பார்ட்லெட் 1946இல் இறந்தார். அடுத்த ஆண்டு நியூயார்க்கின் ஃபிளஷிங்கில் நின்றிருந்தபோது கப்பல் தீப்பிடித்து மூழ்கியது. வேறு கப்பலானால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

கேப் வெர்டே மழை பொய்க்கும் தீவுக்கூட்டம். 1940களில் அடுத்தடுத்து வந்த பஞ்சங்களில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் திமிங்கில வேட்டைக் கப்பல்களில் வேலைக்குச் சேர்ந்து நியூ பெட்ஃபோர்ட் பக்கம் குடியேறியிருந்த தீவுக்காரர்கள், யாருக்கும் வேண்டாத பழைய பாய்மரக் கப்பல்களை வாங்கித் தாங்களே ஓட்டினார்கள். ஊருக்குச் சாமான் அனுப்பவும் உறவினரை அழைத்துவரவும் அதுவே வழி. அந்த மரபில் வந்த கேப்டன் ஹென்ரிக் மென்டிஸ் 1948இல், மூழ்கி மீட்கப்பட்ட இந்தக் கப்பலை வாங்கி, தன் மகளின் பெயரால் எர்னஸ்டினா என்று அழைத்தார். 1965 வரை அது அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய்வந்தது. பிறகு தீவுகளுக்கிடையே சரக்கும் ஆட்களும் ஏற்றியது. துருவப் பயணத்துக்குத்தான் புகழ் அதிகம். என் கணிப்பில், பஞ்சத்தில் வாடிய ஊருக்குத் துணியும் உணவும் கொண்டுபோன இந்த வேலையே அதன் வாழ்வில் பெரியது.

1975இல் விடுதலை பெற்ற கேப் வெர்டே, கப்பலைப் புதுப்பித்து 1982இல் அமெரிக்க மக்களுக்கு அன்பளிப்பாக அனுப்பியது. வசதியற்ற சிறு நாடு ஒன்று வல்லரசுக்குக் கொடுத்த பரிசு அது. இரண்டு பெயர்களையும் சேர்த்து இன்று எர்னஸ்டினா-மாரிசி என்கிறார்கள். மெயின் மாநிலத்தின் பூத்பே ஹார்பரில் ஆண்டுக்கணக்கில் நடந்த பழுதுபார்ப்பில் பெரும்பகுதி மரம் மாற்றப்பட்டது. அப்படியானால் அது பழைய கப்பல்தானா என்று கேட்பவர்கள் உண்டு. ஆம், அதுவேதான், பிறந்ததிலிருந்தே பலகை மாற்றி மாற்றித்தான் வாழ்ந்திருக்கிறது.

2022இல் நியூ பெட்ஃபோர்டுக்குத் திரும்பிய கப்பல், மாசசூசெட்ஸ் கடல்சார் கல்லூரியின் பயிற்சிக் கப்பலாகிவிட்டது. அந்தப் பக்கம் போகிறவர்கள் துறைமுகத்தில் விசாரித்துப் பாருங்கள். நின்றிருந்தால் தவறாமல் பார்த்துவிட்டு வாருங்கள்.